கைப்பிடி

முப்பத்தொரு வருடம்
லியெபாயாவின் ஒரே டிராம் தடத்தில்
டிக்கெட் கிழித்தவள் நான்.
வளைவில் வண்டி சாயும்போது
ஒரு கையில் சில்லறை, ஒரு கையில் டிக்கெட் புத்தகம்.
கம்பியைப் பிடிக்க மூன்றாவது கையை
எந்த நிர்வாகமும் கொடுக்கவில்லை.
விழுந்ததில்லை.
ஒருமுறைகூட.

விழுந்தது என் சமையலறையில்,
அசையாத தரையில்,
அக்டோபரில் ஒரு புதன்கிழமை.
மேல்தட்டிலிருந்து மாவு எடுக்கப் போனேன்.
குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
எனக்கு மீசையில்லை.
முகமெல்லாம் மாவு.
எலும்பு முறியவில்லை, எழத்தான் முடியவில்லை.
ஜன்னலுக்கு வெளியே டிராம்கள் போயின, எண்ணினேன்.
பதினான்கு.
பதினைந்தாவது போகும்போது மிர்ட்ஸா கதவைத் தட்டினாள்,
இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தர.

அப்புறம் வீட்டுக்குள்ளேயே எனக்கு நிறுத்தங்கள் முளைத்தன.
மேசை. நாற்காலி. குளிர்பெட்டி. கதவு நிலை.
ஒன்றைத் தொட்ட பிறகே அடுத்ததை விட்டேன்.
பனி உறைந்ததும் கடைக்குப் போவது நின்றது,
பிறகு கடற்கரைக்கு,
பிறகு படிக்கட்டு வைத்த வீடுகளுக்கெல்லாம்.
படிக்கட்டில்லாத வீட்டில் இந்த ஊரில்
எனக்கு யாரைத் தெரியும்?

மிர்ட்ஸாதான் இழுத்துப்போனாள்
பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு.
செவ்வாயும் வெள்ளியும், மாலை ஐந்து.
பிள்ளைகள் போனபின்னும் போகாத
ரப்பர் பந்து வாசனை.
பதினொரு நாற்காலிகள், பதினொரு பெண்கள்,
வயதைக் கூட்டினால் எண்ணூறைத் தாண்டும்.
"நாற்காலியின் முதுகைப் பிடியுங்கள்" என்றாள் ஜிந்த்ரா.
"இனி விரல்நுனிகள் மட்டும்.
இனி ஒரே விரல்."
சிரிப்பு வந்தது. இதற்கா பூட்ஸைக் கழற்றினேன்?
பிறகு இடது காலைத் தூக்கினேன்.
மூன்று எண்ணுவதற்குள்
மொத்தப் பள்ளிக்கூடமும் வளைவில் திரும்பியது.

"வெல்தா, மூச்சை அடக்காதீர்கள்."
அடக்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது,
அக்டோபரிலிருந்து.

கூடைப்பந்து மைதானத்தின் மஞ்சள் கோட்டில்
குதிகாலை விரலுக்கு முன் வைத்து
ஒவ்வொருத்தியாக நடந்தோம்.
"போலீஸ்காரன் குடிகாரனை இப்படித்தான் நடக்கவிடுவான்" என்றாள் பிரூத்தா,
எண்பத்துநாலு வயது, ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
சொல்லிவிட்டுத் தானே சிரித்துச் சிரித்து
கோட்டிலிருந்து வழுவி
கூடைக்கம்பத்தைக் கட்டிக்கொண்டாள்.
அன்று வேறெந்தப் பயிற்சியும் நடக்கவில்லை.

கைகளை மார்பில் கட்டி நாற்காலியிலிருந்து எழுவது,
உட்காருவது, மறுபடி எழுவது.
தொடைகள் எரிந்தன, நேற்றுவரை
அவை எனக்கிருப்பதே நினைவில்லை.
வீட்டில் கெண்டி கொதிக்கும் நேரமெல்லாம்
தொட்டி விளிம்பில் ஒரு விரல், தரையில் ஒரு கால்.
எதிர்வீட்டு உல்டிஸ் ஜன்னல் வழியே கேட்டான்,
கொக்கு எப்போது மீன் பிடிக்கும் என்று.
ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றால்
பிடிவாதக்காரி என்று அர்த்தம்.
சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆடாமல் நிற்பதுதான் சமநிலை என்று நினைத்திருந்தேன்.
கணுக்காலைக் குனிந்து பார்த்தால்
அது ஒரு நொடியும் சும்மா இல்லை.
கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி,
விழுவதும் அதைத் திருத்துவதுமாய்.
டிராமில் நின்ற அத்தனை வருடமும்
இதைத்தான் செய்திருக்கும், என்னிடம் சொல்லாமல்.

மார்ச்சில், பனி அழுக்காகிவிட்ட ஒரு காலை,
டிராமில் ஏறினேன். உட்கார இடமில்லை.
சந்தை நிறுத்தத்துக்கு முன்
எதற்கோ பிரேக் போட்டான்.
கம்பியை நோக்கிக் கை போனது, எட்டவில்லை.
கால் காத்திருக்கவில்லை.
அரை அடி முன்னே போய்
தானாக ஊன்றிக்கொண்டது.
காதில் ஏதோ மாட்டியிருந்த பள்ளிப் பையன்
தடுமாறி என் கோட்டைப் பற்றினான்,
கைப்பிடி என்று நினைத்து.
முகம் சிவந்து ஏதோ சொல்ல வந்தான்.

வலது காலில் இன்னும் ஆறுதான் எண்ண முடிகிறது,
ஜிந்த்ரா பத்து கேட்கிறாள். அது வெள்ளிக்கிழமைக் கவலை.
அந்த நேரத்தில் என் வாயில் வந்தது
ஒரே சொல், பழைய குரலில்:

"டிக்கெட்?"